இடமா, கையா? எதிர்வினைச் சோதனைகளில் கவனமும் கைகளும்

திரையின் நடுவில் சிறு கூட்டல் குறி ஒன்று இருக்கிறது. அதன் இடப்பக்கத்திலோ வலப்பக்கத்திலோ ஒரு சதுரம் தோன்றும். அது பச்சையாக இருந்தால் இடக்கையால் ஒரு விசையையும், சிவப்பாக இருந்தால் வலக்கையால் மற்றொரு விசையையும் அழுத்த வேண்டும். சதுரம் எந்தப் பக்கம் வந்தது என்பதற்கு விதியில் இடமே இல்லை; நிறம் மட்டுமே கணக்கு. ஆனாலும் பச்சைச் சதுரம் வலப்பக்கத்தில் தோன்றிவிட்டால், அதே பச்சை இடப்பக்கத்தில் தோன்றும்போது ஆகும் நேரத்தைவிட 20 முதல் 30 மில்லிவினாடி தாமதமாகவே இடக்கை பதில் தருகிறது. பினாங்கிலோ கோலாலம்பூரிலோ உளவியலைப் பாடமாக எடுத்த ஒருவர் ஆய்வுக்கூட வகுப்பில் செய்து பார்த்திருக்கக்கூடிய எளிய சோதனை இது. முடிவு எளிமையானது, அதற்கான காரணம் அப்படியல்ல.

தாமதம் எங்கே நேர்கிறது என்பதே கேள்வி. கண் மெதுவாகப் பார்த்ததா, கை மெதுவாக அசைந்ததா, அல்லது இரண்டுக்கும் நடுவில் எங்கோ இழுபறி நடந்ததா? ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாகக் கிடைத்துவரும் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தால், இழுபறி நடுவில்தான் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். அந்த இழுபறியில் கவனத்தோடு மோதுவது பெரும்பாலும் தசையும் எலும்புமான கை அன்று; அந்தக் கை இருக்கும் இடமும் அது செய்யப்போகும் காரியமும்தான். இக்கட்டுரை அந்த வேறுபாட்டையே விளக்க முயல்கிறது.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் பணியாற்றிய டோண்டர்ஸ், 1868இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், மனத்தின் வேலைகளுக்கு ஆகும் நேரத்தைக் கழித்தல் கணக்கால் அளக்க முடியும் என்று காட்டினார். அந்த ஆய்வுவரிசையின் தொடக்கச் சோதனை ஒன்றில் பாதத்தில் மெல்லிய மின்தூண்டல் தரப்படும். எந்தப் பாதமோ அந்தப் பக்கத்துக் கையால் பதில் சொல்ல வேண்டும். எந்தப் பாதம் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தபோது ஆன நேரத்தைவிட, தெரியாதபோது ஏறத்தாழ ஒரு வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 66 மில்லிவினாடி கூடுதலாக ஆனது. தேர்வுக்கு ஆகும் நேரத்தை மனிதர் அளக்கத் தொடங்கியதே இடக்கை, வலக்கை என்ற தேர்வோடுதான். ஆனால் தூண்டலும் பதிலும் எப்போதும் ஒரே பக்கத்தில் இருந்த அந்தச் சோதனையில் பக்கங்கள் ஒன்றோடொன்று மோதுவதற்கு வாய்ப்பே இல்லை.

அந்த வாய்ப்பை 1967இல் அயோவா பல்கலைக்கழகத்தின் ஜே. ரிச்சர்ட் சைமன், ரூடெல் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து உருவாக்கினார். காதணி ஒலிபெருக்கி வழியே ‘இடம்’ அல்லது ‘வலம்’ என்று பொருள்படும் சொல் ஒரே ஒரு காதில் ஒலிக்கும். எந்தக் காதில் கேட்டது என்பதைப் பொருட்படுத்தாமல் சொல்லின் பொருளுக்கு ஏற்ற விசையை அழுத்த வேண்டும். ‘வலம்’ என்ற சொல் இடக்காதில் ஒலித்தபோது பதில் தாமதமானது. தூண்டல் வரும் திசையை நோக்கியே வினைபுரியும் இயல்பான நாட்டம் மனிதருக்கு உண்டு என்று சைமன் 1969இல் விளக்கம் தந்தார். இன்று சைமன் விளைவு என்று அழைக்கப்படுவது இதுதான்.

எந்த நாட்டமும் உடலில் ஓரிடத்தில் குடியிருக்க வேண்டும் அல்லவா? முதலில் தோன்றும் விடை மூளையின் அமைப்பு. இடப்பக்கக் காட்சி மூளையின் வலப்பாதியான வல அரைக்கோளத்துக்குச் செல்கிறது. இடக்கையை இயக்குவதும் வல அரைக்கோளமே. எனவே இடப்பக்க ஒளிக்கு இடக்கையால் பதில் தரும்போது செய்தி ஒரே அரைக்கோளத்துக்குள் முடிந்துவிடுகிறது. வலக்கையால் தர வேண்டுமானால் இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் நரம்புப் பாலத்தைக் கடக்க வேண்டும். கேட்பதற்குக் கச்சிதமான விளக்கம். ஆனால் சைமன் விளைவுக்கு இது பொருந்தவில்லை. கைகளைக் குறுக்காக வைத்துப் பார்த்ததும் அது தெரிந்துவிட்டது.

இடக்கையை வலப்பக்க விசை மீதும் வலக்கையை இடப்பக்க விசை மீதும் வைத்துக்கொண்டு இதே சோதனையைச் செய்தால் என்ன ஆகும்? அரைக்கோள விளக்கம் சரியென்றால், இடப்பக்கத் தூண்டலுக்கு இடக்கைதான், அது எங்கே இருந்தாலும், முந்த வேண்டும். 1970களின் தொடக்கத்தில் சைமன் குழுவினரும், தனியாக வாலஸ் என்ற ஆய்வாளரும் செய்த சோதனைகளில் நடந்தது நேர்மாறானது. கைகள் குறுக்காக இருந்ததால் எல்லாப் பதில்களும் சற்று மெதுவாயின. ஆனால் இடப்பக்கத் தூண்டலுக்கு முந்தியது இடப்பக்க விசையே, அதை அழுத்தியது வலக்கை என்றாலும். மூளை கணக்கில் எடுத்துக்கொண்டது எந்தக் கை என்பதை அல்ல, எந்தப் பக்கம் என்பதை.

அடுத்து வந்த சோதனைகள் இதை இன்னும் கூர்மையாக்கின. இத்தாலியில் ரிஜ்ஜோ, உமில்தா உள்ளிட்டோர் 1986இல் பங்கேற்பாளர்களின் கைகளில் குச்சிகளைக் கொடுத்தனர். கைகள் தம்தம் பக்கத்திலேயே இருக்கும். குச்சிகள் மட்டும் குறுக்காகச் சென்று எதிர்ப்பக்க விசைகளைத் தொடும். அப்போதும் முடிவைத் தீர்மானித்தது குச்சியின் நுனி தொடும் இடம். கை இருந்த இடம் அன்று. இரு கைகளும் உடலின் நடுக்கோட்டுக்கு ஒரே பக்கத்தில் வைக்கப்பட்டபோதும், ஒன்றுக்கொன்று எது இடம், எது வலம் என்பதே செல்லுபடியானது. 1993இல் ஹொம்மெல் இன்னொரு படி மேலே சென்றார். ஒவ்வொரு விசையும் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் விளக்கை எரியச் செய்யும்படி அமைத்துவிட்டு, ஒரு குழுவினரிடம் ‘விசையை அழுத்துங்கள்’ என்றும் மற்றொரு குழுவினரிடம் ‘விளக்கை எரியவிடுங்கள்’ என்றும் சொன்னார். விரல் அசைவு இரு குழுவிலும் ஒன்றேதான். ஆனால் இரண்டாம் குழுவில் சைமன் விளைவு திசை மாறி, எரியப்போகும் விளக்கின் பக்கத்தைப் பின்பற்றியது. என் பார்வையில் இத்துறையின் மிக அழகான சோதனை இதுவே. உடலில் எதையும் மாற்றாமல், சொன்ன சொல்லை மட்டும் மாற்றி, அளவீட்டைத் தலைகீழாக்க முடிந்தது.

சாலையில் ஓட்டுவோருக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஸ்டீரிங் சக்கரம். 1983இல் குயார் என்ற பிரெஞ்சு ஆய்வாளர், ஒரு காதில் ஒலிக்கும் சத்தத்துக்குச் சக்கரத்தைத் திருப்பிப் பதில் சொல்லும்படி கேட்டார். சக்கரத்தின் மேல்பகுதியைப் பிடித்திருந்தால் சிக்கல் இல்லை: வலப்பக்கம் திருப்பினால் கையும் வலப்பக்கமே போகும். கீழ்ப்பகுதியைப் பிடித்திருந்தாலோ, சக்கரம் வலமாகச் சுழல, கைகள் இடப்பக்கம் நகரும். அந்த நிலையில் பங்கேற்பாளர்கள் இரண்டாகப் பிரிந்தனர். சிலர் சக்கரம் சுழலும் திசையையும் மற்றவர்கள் கை நகரும் திசையையும் தம் பதிலாக எடுத்துக்கொண்டனர். பினாங்குப் பாலத்து நெரிசலில் சக்கரத்தின் அடிப்பகுதியில் கைகளைத் தொங்கவிட்டபடி ஓட்டும் ஒருவர் இதில் எந்த வகை என்பதை, அளந்தாலொழிய அவரே சொல்ல முடியாது. இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். மலேசிய மகிழுந்தான பெரோடுவாவை ஓட்டிப் பழகியவர் ஐரோப்பிய மகிழுந்தில் ஏறி, சிக்னல் போடுவதாக நினைத்து வைப்பரை ஓடவிடுவது நாம் பலரும் கண்ட காட்சிதான். சிக்னல் தண்டு முன்னதில் வலப்பக்கமும் பின்னதில் பெரும்பாலும் இடப்பக்கமும் இருப்பதால் வரும் பிழை அது, பழக்கத்தின் பிழை. சைமன் விளைவு பழக்கம் ஊறிய பிறகு வருவது அன்று. பத்து நிமிடங்களுக்கு முன் சொல்லித்தரப்பட்ட விதியிலேயே அது தலைகாட்டுகிறது.

அப்படியானால் தசையும் எலும்புமான கைக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, ஆனால் வேறோர் இடத்தில். 1912இல் பாஃபன்பெர்கர் செய்த சோதனையில் தேர்வு என்பதே இல்லை. ஒளி எந்தப் பக்கம் வந்தாலும், முன்பே குறித்த ஒரே கையால் அழுத்த வேண்டும். அப்போது, ஒளி வந்த பக்கத்துக் கை எதிர்ப்பக்கத்துக் கையைவிட மிகச் சிறிதளவு முந்துகிறது. பிற்காலத்தில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது இந்த வேறுபாடு 3 அல்லது 4 மில்லிவினாடி என்று கணக்கிடப்பட்டது. வலிப்பு நோய்க்கான சிகிச்சையாக அரைக்கோளங்களை இணைக்கும் பாலம் துண்டிக்கப்பட்டவர்களிடம் இதே வேறுபாடு பல பத்து மில்லிவினாடியாகப் பெருகுகிறது. இங்கே அரைக்கோள விளக்கம் சரியாகவே பொருந்துகிறது.

1977இல் அன்ஸோலா, ரிஸ்ஸொலாத்தி உள்ளிட்ட இத்தாலிய ஆய்வாளர்கள் இரு வகைச் சோதனைகளையும் ஒன்றாக வைத்துக் கைகளைக் குறுக்காக்கிப் பார்த்தனர். தேர்வு இல்லாத சோதனையில் கைகளைக் குறுக்காக வைத்தும் முன்னுரிமை உடற்கூற்றின்படியான கையோடேயே இருந்தது. தேர்வு உள்ள சோதனையில் அது இடத்தோடு போய்விட்டது. ஒரே கண், ஒரே கை, ஒரே விசை; கேட்கப்படும் வேலை மாறியதும் கணக்கிடும் அளவுகோலும் மாறிவிடுகிறது. ‘எந்தப் பக்கம்’ என்று முடிவெடுக்க வேண்டிய தேவை எழும்போதுதான் பக்கங்கள் மனத்தில் பெயர் பெறுகின்றன. பெயர் பெற்ற பிறகுதான் அவை மோதுகின்றன.

வீட்டுக் கணினியில் இவற்றைச் செய்து பார்க்க விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒரு சட்டகமே சுமார் 16.7 மில்லிவினாடி நீடிக்கிறது. விசைப்பலகையும் தன் பங்குக்குச் சில மில்லிவினாடி சேர்க்கிறது. சைமன் விளைவை அத்தகைய கருவியிலும் நூறு, இருநூறு முயற்சிகளில் கண்டுவிடலாம். பாஃபன்பெர்கரின் 3 மில்லிவினாடியை அதில் தேடுவது வீண். அதற்குத் துல்லியமான கருவியும் மிகப் பல முயற்சிகளும் வேண்டும்.

இனி கவனத்துக்கு வருவோம். ஓரெகன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் போஸ்னர் 1980இல் வெளியிட்ட ஆய்வில், இலக்கு எங்கே வரும் என்று ஓர் அம்புக்குறி முன்கூட்டியே காட்டும். பத்தில் எட்டு முறை அம்பு சொல்வது சரி. இரு முறை தவறு. கண் அசையாமலே இருந்தும், அம்பு காட்டிய இடத்தில் வந்த இலக்குக்குப் பதில் விரைந்தது, எதிர்ப்பக்கத்தில் வந்ததற்குத் தாமதமானது. 1984இல் கோஹனுடன் சேர்ந்து அவர் காட்டிய இன்னொன்று மேலும் விந்தையானது. ஓரத்தில் திடீரென மின்னும் ஒளி கவனத்தை இழுத்து அந்த இடத்தைச் சற்று நேரம் சாதகமாக்குகிறது. ஆனால் ஏறத்தாழ 300 மில்லிவினாடிக்குப் பிறகு அதே இடம் பாதகமாகிவிடுகிறது. ஒருமுறை பார்த்துவிட்ட இடத்துக்கு மீண்டும் செல்லக் கவனம் தயங்குகிறது.

இச்சோதனைகளில் பதில் பெரும்பாலும் ஒரே விசையால் பெறப்படுவது தற்செயல் அன்று. அம்பு வலப்பக்கம் காட்டி, பங்கேற்பாளர் இடம், வலம் என்ற இரு விசைகளால் பதில் சொல்வதாக வைத்துக்கொண்டால், கிடைக்கும் வேகம் கவனத்தால் வந்ததா, அம்பு வலக்கையை முன்கூட்டியே தூண்டிவிட்டதால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. ஆகவே கவனத்தை மட்டும் அளக்க விரும்புவோர் ஒற்றை விசையைத் தருவார்கள். அல்லது இலக்குகளை இட-வல அச்சிலும் விசைகளை மேல்-கீழ் அச்சிலும் வைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி பார்த்துக்கொள்வார்கள். மாணவர் ஆய்வுத் திட்டங்களில் எளிதில் நழுவிவிடும் நுணுக்கம் இது. நழுவினால், கவனம் என்று எழுதப்படும் எண் உண்மையில் கையின் எண்ணாக இருக்கும்.

கவனத்துக்கும் சைமன் விளைவுக்கும் உள்ள உறவு இதைவிட ஆழமானது. தூண்டல் ‘இடப்பக்கம்’ என்று பெயர் பெறுவது எதை வைத்து? உடலின் நடுக்கோட்டை வைத்தா, கண் நிலைத்திருக்கும் புள்ளியை வைத்தா? நிக்கோலெத்தியும் உமில்தாவும் 1989இல் கண்ணை ஓரிடத்தில் நிறுத்தி, கவனத்தை மட்டும் வேறிடத்துக்கு நகர்த்திப் பார்த்தனர். இடமும் வலமும் கவனம் நின்ற புள்ளியை ஒட்டிப் பிரிந்தன. இதிலிருந்து ஒரு விளக்கம் பிறந்தது: தூண்டல் தோன்றியதும் கவனம் அதை நோக்கி நகர்கிறது, அந்த நகர்வின் திசையே ‘இடம்’ அல்லது ‘வலம்’ என்ற குறியை உண்டாக்குகிறது, அந்தக் குறி அதே பக்கத்துப் பதிலைக் கிளறிவிடுகிறது. இதற்குத் துணையாக நிற்பது ரிஸ்ஸொலாத்தி குழுவினர் 1987இல் முன்வைத்த முன்னியக்கக் கோட்பாடு. கவனத்தை நகர்த்துவது என்பது, நிறைவேற்றாமல் நிறுத்திவைத்த ஒரு கண்ணசைவுத் திட்டமே என்கிறது அது.

அக்கோட்பாட்டை முழுமையாக ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. கண்ணால் எட்ட முடியாத ஓரத்தில் இலக்கை வைத்துச் செய்த சோதனைகளில், திடீர் ஒளியால் இழுக்கப்படும் கவனம் தளர்கிறது. நாமாக விரும்பிச் செலுத்தும் கவனமோ அங்கேயும் போய்ச் சேர்கிறது. கவனமும் அசைவும் ஒன்றே என்றால் இப்படிப் பிரியக் கூடாது. எனினும் சைமன் சோதனையில் தூண்டல் எப்போதும் திடீரென்றே தோன்றுவதால், அந்த வகைக் கவனத்துக்கு இக்கோட்பாடு பொருந்துவதாகக் கொள்வதில் தவறில்லை.

இழுபறி எப்படி நடக்கிறது என்பதை நெருங்கிப் பார்க்கவும் முடிந்திருக்கிறது. இரு கைகளின் கட்டைவிரல் தசைகள் மீதும் மின்வாய்களை ஒட்டி, ஒவ்வொரு முயற்சியிலும் தசையின் மின்செயல்பாட்டைப் பதிவு செய்தால், பங்கேற்பாளர் சரியான விசையையே அழுத்திய முயற்சிகளிலும் சில நேரம் தவறான கையின் தசையில் முதலில் ஒரு சிறு துடிப்பு தெரிகிறது. விசை அழுந்தும் அளவுக்கு அது வளர்வதில்லை, அதற்குள் அடக்கப்பட்டுவிடுகிறது, பிறகு சரியான கை வேலையை முடிக்கிறது. தூண்டலும் பதிலும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும்போது இத்தகைய பாதிப் பிழைகள் கூடுகின்றன. விசையை மட்டும் பதிவு செய்யும் கணினிக்கு இது சற்றுத் தாமதமான சரியான பதில், அவ்வளவே.

பதில்களை விரைவானவை முதல் மெதுவானவை வரை வரிசைப்படுத்தி, ஐந்து கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் விளைவைத் தனித்தனியே கணக்கிட்டால் இன்னொரு படம் கிடைக்கிறது. விரைவான பதில்களில் சைமன் விளைவு பெரிது. மெதுவான பதில்களை நோக்கிப் போகப் போக அது சுருங்கி, சில நேரம் மறைந்தே விடுகிறது. இடம் கிளறிவிட்ட தூண்டுதல் தானாகத் தணிந்துவிடுகிறது, அல்லது அடக்கப்படுகிறது. 2001இல் வாஷர் குழுவினர் கண்டது இங்கே முக்கியம்: இந்தச் சுருக்கம் கண்ணால் காணும் தூண்டலுக்கு, கைகள் இயல்பான நிலையில் இருக்கும்போது மட்டுமே தென்பட்டது, கைகள் குறுக்காக இருந்தாலோ தூண்டல் ஒலியாக இருந்தாலோ விளைவு சுருங்கவில்லை. முன்பு வெளியேற்றிய உடற்கூறு இங்கே திரும்பி வந்துவிடுகிறது. காட்சியிலிருந்து அதே பக்கத்துக் கைக்குச் செல்லும் விரைவான, நொடியில் அணையும் வழி ஒன்று; இடத்தின் பெயர் வழியாகச் செல்லும் மெதுவான, நிலைத்து நிற்கும் வழி இன்னொன்று. சராசரி நேரம் என்ற ஒற்றை எண்ணில் இவ்விரண்டும் கலந்து கிடக்கின்றன. சராசரிகளை மட்டும் வைத்து நடந்த பழைய வாதங்களில் பாதி, இந்த இரு வழிகளையும் ஒன்றென எண்ணியதால் வளர்ந்தவை என்றே நினைக்கிறேன்.

தொழிற்சாலை இயந்திரங்களை வடிவமைப்போர் இந்த அறிவை வேறொரு கதவு வழியே பெற்றனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க விமானப்படைக்காகப் பால் ஃபிட்ஸும் ஜோன்ஸும் விமானிகளின் 460 பிழை அனுபவங்களை 1947இல் ஆராய்ந்தனர். பலவற்றுக்குக் காரணம் விமானியின் அலட்சியம் அன்று, கருவிகளின் அமைப்பே. 1953இல் ஃபிட்ஸும் சீகரும் விளக்குகளின் வடிவமும் பதில் பலகையின் வடிவமும் ஒத்திருந்தால்தான் வேகமும் சரித்தன்மையும் கிடைக்கும் என்று காட்டினர். 1959இல் சப்பானிஸும் லிண்டன்பாமும் நான்கு அடுப்புகளுக்கான திருகிகளை வெவ்வேறு வரிசையில் வைத்துச் சோதித்தபோது, அடுப்புகளைச் சற்று விலக்கி ஒவ்வொன்றும் தன் திருகிக்கு நேராக நிற்கும்படி அமைத்த வடிவத்தில் ஒரு பிழைகூட நேரவில்லை. பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக மண்டலம் 1972இல் தொடங்கியதிலிருந்து பினாங்குத் தமிழர்கள் பலர் வேலை பார்த்துவரும் மின்னணு ஆலைகளின் சோதனை மேசைகளுக்கும் இது அப்படியே பொருந்தும். பழுதைக் காட்டும் விளக்கு மேசையின் இடப்பக்கமும் பழுதான பொருளை ஒதுக்கும் பொத்தான் வலப்பக்கமும் இருந்தால், ஒவ்வொரு முறையும் இழப்பது சில பத்து மில்லிவினாடிதான். நேரத்தைவிடக் கவலைக்குரியது, ஷிப்ட் முடியும் தறுவாயில் அந்தப் பாதிப் பிழைகளில் சில முழுப் பிழைகளாகிவிடுவது. பயிற்சி இந்த விளைவைக் குறைக்கும், அடியோடு நீக்காது. விளக்கை இடம் மாற்றுவதே மலிவான தீர்வு.

கைகள் கவனத்தை மறுதிசையில் பாதிப்பதும் உண்டு. 2006இல் ரீடு குழுவினர், திரையின் அருகே ஒரு கையை நிறுத்தி வைத்திருந்தால் அந்தக் கைக்குப் பக்கத்தில் தோன்றும் இலக்குகள் விரைவாகக் கண்டறியப்படுகின்றன என்று காட்டினர். கைக்குப் பதில் ஒரு பலகைத் துண்டை வைத்தபோது அந்தச் சாதகம் கிடைக்கவில்லை. பதில் சொல்லாமல் சும்மா இருக்கும் கையும் தன்னைச் சுற்றியுள்ள இடத்துக்கு எடை கூட்டுகிறது.

கடைசியாக, இன்னும் தீராத ஒரு வாதம். சைமன் சோதனையைப் பாதியாக்கி, ஒருவருக்கு ஒரே நிறத்தையும் ஒரே விசையையும் மட்டும் கொடுத்தால் விளைவு மறைந்துவிடுகிறது; எதிர்ப்பக்க விசை இல்லாதபோது தன் விசைக்குப் பக்கம் என்ற பெயரே தேவைப்படுவதில்லை. ஆனால் மறு நிறத்துக்கு மறு விசையை அழுத்த இன்னொருவர் அருகில் வந்து அமர்ந்தால் விளைவு திரும்பி வந்துவிடுகிறது என்று செபான்ஸ், க்னோப்லிச், பிரின்ஸ் ஆகியோர் 2003இல் கண்டனர். அருகில் இருப்பவரின் பங்கையும் நம் மனம் தன் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது என்று அவர்கள் பொருள்கொண்டார்கள். சமூக உளவியலாளர்களுக்கு இது இனித்தது. பத்தாண்டுகளுக்குப் பின், டோல்க், ஹொம்மெல் உள்ளிட்டோர் அருகில் இருந்த ஆளை எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் கையாட்டிக்கொண்டே இருக்கும் ஜப்பானியப் பூனைப் பொம்மையை வைத்தார்கள். ஜார்ஜ்டவுன் சீனக் கடைகளின் கல்லாப் பெட்டியருகே ஓயாமல் கையசைக்கும் அதே வகைப் பூனை. விளைவு அப்போதும் வந்தது. ஒரு கடிகாரமும் தாளத்துக்கேற்பத் தட்டிக்கொண்டிருக்கும் மெட்ரோனோம் கருவியும்கூட அதை வரவழைத்தன. பக்கத்தில் கவனத்தை ஈர்க்கும் ஏதோ ஒன்று இருந்தால் போதும், அதை ஒட்டி நம் விசை ‘இடம்’ அல்லது ‘வலம்’ என்ற பெயரைப் பெற்றுவிடுகிறது என்பது அவர்கள் முடிவு. ஆளுக்கும் பூனைக்கும் வேறுபாடே இல்லை என்று இதனால் சொல்லிவிட முடியாது; ஆள் அருகில் இருக்கும்போது இன்னும் ஏதாவது நடக்கிறதா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. ஆனால் அதை நிறுவ விரும்புவோர், ஆள் தரும் விளைவு பூனை தருவதைவிட எவ்வளவு கூடுதல் என்பதை முதலில் காட்டியாக வேண்டும்.